கால் முடியை வழிக்கச் சொல்கிறார்கள்: நெடுந்தூர விளையாட்டும் போர்த் தழும்புள்ள தோலும்

கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் ஏ9 வீதியின் நீளம் ஏறத்தாழ 321 கிலோமீற்றர். 2006 ஆகஸ்டில் முகமாலையில் மூடப்பட்டு, போர் முடியும்வரை எங்களுக்கு இல்லாமற்போன வீதி அது. இன்று அதில் இளைஞர்கள் பந்தய சைக்கிள்களில் போகிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் வடக்கு, கிழக்குப் பிள்ளைகள் ஹந்தானை ஏற்றத்தில் ஓடிப் பழகுகிறார்கள், நீச்சல் தடாகத்தில் தூரம் பழகுகிறார்கள். இப்படிப் பயிற்சிக்குள் நுழையும் ஒருவருக்குச் சில வாரங்களுக்குள்ளேயே ஒரு ஆலோசனை கிடைத்துவிடும்: கால் முடியை வழித்துவிடு, நீச்சல் என்றால் நெஞ்சையும் முதுகையும் வழித்துவிடு.

ஆங்கிலத்தில் இதைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். அவை பெரும்பாலும் முழுமையான, காயம்படாத, வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. செல் துண்டு இன்னும் உள்ளே இருக்கும் தொடை, தீக்காயத்துக்குத் தோல் ஒட்டிய முழங்கால், பொய்க்காலுக்குள் போகும் எஞ்சிய கால், தொட்டால் உணர்வில்லாத கணுக்கால் ஆகியவற்றைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இராது. எங்களிடம் அப்படிப்பட்ட கால்கள் நிறையவே இருக்கின்றன.

முதலில், வழிப்பதால் உண்மையில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம்.

நீச்சலில் பலன் இருக்கிறது. 1989இல் ரிக் ஷார்ப், டேவிட் கோஸ்டில் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் நெஞ்சுநீச்சல் வீரர்களை முடி வழிப்பதற்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நீந்தவைத்து அளந்தார்கள். வழித்த பின் இரத்தத்தில் லக்டேற் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒவ்வொரு வலிப்பிலும் கடந்த தூரம் 2.07 மீற்றரிலிருந்து 2.31 மீற்றராகக் கூடியிருந்தது. ஆராயப்பட்டவர்கள் ஒன்பது பேர்தான். ஆனாலும் அந்த முடிவு நீச்சல் வீரர்களின் அனுபவத்தோடு ஒத்துப்போனது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதனால் தோலோடு ஒட்டி ஓடும் நீரை முடி இழுத்துப் பிடிப்பது கணக்கில் வருகிறது.

ஆனால் இது தடாகப் போட்டிக்குரிய கணக்கு. மணிக்கணக்காகக் கடலில் நீந்துபவருக்குப் பெரும் எதிரி உராய்வும் குளிரும். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் 51 மணித்தியாலங்களில் நீந்திக் கடந்தார். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிரிழந்தார். அந்தக் கால்வாயில் 1875இல் முதன்முதலாக நீந்திய மத்தியூ வெப் காலத்திலிருந்தே வீரர்கள் முடியைப் பற்றிக் கவலைப்பட்டதைவிட உடம்பில் கொழுப்புப் பூசுவதில்தான் கவனமாக இருந்தார்கள். முதல் நாள் வழித்த அக்குளுக்குள் உப்புநீர் போனால் எப்படி எரியும் என்பதைக் கடலில் குளித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சைக்கிளில் விடயம் சிக்கலானது. 1987இல் செஸ்டர் கைல் என்ற பொறியியலாளர் செய்த பரிசோதனையில், 40 கிலோமீற்றரில் 5 செக்கன் அளவே மிச்சமாகும் என்று வந்தது. 2014இல் ஸ்பெஷலைஸ்ட் என்ற சைக்கிள் நிறுவனம் தன் காற்றுச் சுரங்கத்தில் ஆறு பேரை வைத்துப் பார்த்துவிட்டு, அதே தூரத்தில் 50 முதல் 82 செக்கன் வரை மிச்சம் என்று அறிவித்தது. பொருள் விற்கும் நிறுவனம் தானே செய்து தானே அறிவித்த பரிசோதனை என்பதால் நான் அதைக் கொஞ்சம் தள்ளிவைத்தே பார்க்கிறேன். எந்த எண்ணை நம்பினாலும், இரண்டும் தனியாக வேகமாக ஓடும் நேரப் போட்டிக்கே பொருந்தும். வவுனியாவுக்கு வடக்கே சமதரையில், சோழகக் காற்றில் முக்கித்தக்கி மிதிக்கும்போது ஏதாவது கிடைக்கலாம். கடுகண்ணாவை ஏற்றத்தில் மணிக்கு 12 கிலோமீற்றரில் ஏறுபவருக்குக் கால் முடி ஒரு பொருட்டே அல்ல. ஓட்டக்காரருக்கும் அப்படித்தான்.

பிறகு ஏன் சைக்கிள்காரர்கள் இவ்வளவு பிடிவாதமாக வழிக்கிறார்கள்? விழுந்தால் தார் வீதியில் தோல் உரிந்த காயத்தைக் கழுவுவதும் மருந்து கட்டுவதும் பிளாஸ்டரை உரிப்பதும் இலகு என்கிறார்கள். எண்ணெய் போட்டு உருவிவிடும்போது முடி இழுபட்டு மயிர்க்கால்கள் சீழ்ப்பிடிப்பதும் குறையும். இவை நியாயமான காரணங்கள். மீதி, ‘நாங்களும் அந்தக் கூட்டம்’ என்று காட்டும் வழக்கம். அதிலும் பிழையில்லை. ஆனால் அதற்காகத் தழும்புள்ள தோலைப் பணயம் வைக்கவேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

முறைகள்

ட்ரிம்மர்தான் எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. முடியை ஓரிரு மில்லிமீற்றர் விட்டு வெட்டுகிறது, தோலைத் தொடுவதில்லை. வைத்தியத்துறையே இதற்குச் சாட்சி. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டலில், சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளியின் முடியை அகற்றாமலே விடுவது நல்லது, அகற்றத்தான் வேண்டுமென்றால் ட்ரிம்மரால் மட்டும் வெட்டவேண்டும், பிளேட்டால் வழிக்கக்கூடாது என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறது. வழிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து, அவற்றில் கிருமி குடியேறுவதே காரணம். பிளாஸ்டர் ஒட்டவும் உருவிவிடவும் ட்ரிம்மர் போட்ட கால் போதும்.

ரேசர் மலிவு, எங்கும் கிடைக்கும். இளஞ்சூட்டு நீரில் தோலை ஊறவைத்து, சவர்க்கார நுரையோ சவரக் கிரீமோ பூசி, புதிய பிளேட்டால், அழுத்தாமல், முடி வளரும் திசையில் வழிக்கவேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் வழுவழுப்பாகத்தான் வரும். ஆனால் சுருள் முடி உள்ளவர்களுக்கு வெட்டுப்பட்ட நுனி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து கொப்புளமாகும். போட்டிக்கு முதல் இரவு முதற்தடவையாக வழிப்பது நல்லதல்ல. பல வாரங்களுக்கு முன்பே ஒருமுறை செய்து, தோல் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு போட்டிக்கு இரண்டு, மூன்று நாள் முன்னதாக வழிப்பது சைக்கிள்காரருக்கும் ஓட்டக்காரருக்கும் நல்லது. தடாக நீச்சற்காரர் மட்டும் முதல் நாள் வரை பொறுப்பார். சலூனில் முதுகு வழிக்கப்போனால் பிளேட்டைக் கண்முன்னே மாற்றச் சொல்லுங்கள். பி, சி வகை ஈரல் அழற்சிக் கிருமிகள் இரத்தம் பட்ட பிளேட்டால் தொற்றக்கூடியவை. விடுதி அறையில் ரேசரை மாறிமாறிப் பாவிக்கும் பழக்கத்துக்கும் இதுவே பதில்.

முடி நீக்கும் கிரீம், வீட் போன்றவை, முடியிலுள்ள கெரற்றின் என்ற புரதத்தின் பிணைப்புகளைக் காரத்தால் உடைக்கிறது. தோலின் மேற்படையும் கெரற்றின்தான். அதனால் பெட்டியில் எழுதிய நிமிடத்துக்கு மேல் விட்டால் தோல் வெந்துபோகும். முதலில் ஒரு சிறிய இடத்தில் பூசி ஒரு நாள் பார்த்துவிட்டே பாவிக்கவேண்டும். கீறல் உள்ள இடத்திலும் அந்தரங்கப் பகுதியிலும் கூடாது. மஞ்சள், குப்பைமேனி எல்லாம் எங்கள் வீடுகளில் பெண்கள் காலங்காலமாகப் பாவிப்பவை. அவற்றால் ஒரு சைக்கிள்காரனின் கால் முடி போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வெக்ஸும் எபிலேற்றர் இயந்திரமும் முடியை வேரோடு பிடுங்குகின்றன. மூன்று, நான்கு வாரத்துக்கு மீண்டும் பெரிதாக வளராது. வெக்ஸ் பிடிக்க முடி அரைச் சென்ரிமீற்றராவது வளர்ந்திருக்கவேண்டும். பிடுங்கிய பின் ஒவ்வொரு மயிர்க்காலும் ஓரிரு நாள் திறந்த வாசல் மாதிரி இருக்கும். கண்டியின் ஈரப்பதத்தில், வியர்வை ஊறிய இறுக்கமான காற்சட்டைக்குள், அது சீழ்ப்பருவாக மாறுவது வெகு சுலபம். இரண்டு நாளாவது பயிற்சியை இலேசாக்குங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் குளிசை எடுப்பவர்கள் வெக்ஸ் பக்கமே போகக்கூடாது. தோல் சேர்ந்து உரிந்து வரும்.

லேசர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் காசும் அதிகம், எங்கள் நிறத்துக்கு ஆபத்தும் அதிகம். லேசர் ஒளி முடியிலுள்ள கருநிறப் பொருளான மெலனினைத் தேடிப்போய்ச் சூடாக்கி மயிர்க்காலைக் கருக்குகிறது. வெள்ளைத் தோலில் கறுப்பு முடி என்றால் ஒளிக்குக் குழப்பமில்லை. எங்கள் தோலிலேயே மெலனின் நிறைந்திருப்பதால், பொருந்தாத இயந்திரம் தோலையும் சேர்த்துச் சுடும். பிறகு மாதக்கணக்கில் கருந்திட்டோ வெண்திட்டோ நிற்கும். கருந்தோலுக்குப் பொருத்தமானது 1064 நனோமீற்றர் அலைநீளம் கொண்ட என்டி-யாக் லேசர். அழகுநிலையத்தில் ‘லேசர்’ என்று சொல்லப்படுவது சில வேளை ஐபிஎல் என்ற பல்நிற ஒளியாக இருக்கும். வீட்டுப் பாவனைக்கு விற்கும் கருவிகளும் பெரும்பாலும் ஐபிஎல்தான். மிகக் கருமையான தோலில் பாவிக்கவேண்டாம் என்று அவற்றின் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். என்ன இயந்திரம், என்ன அலைநீளம், யார் இயக்குவது என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் படுக்கவேண்டாம். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு தடவைக்குக் குறையாமல் போகவேண்டிவரும். ஒவ்வொரு தடவைக்கும் முன்னும் பின்னும் சில வாரங்கள் அந்தத் தோலில் வெயில் படக்கூடாது. வெயிலில் பயிற்சி செய்பவர்களுக்கு இதுவே பெரிய இடைஞ்சல்.

போர் விட்டுப்போன தோல்

தழும்பு என்பது சாதாரணத் தோல் அல்ல. அதில் எண்ணெய்ச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் குறைவு அல்லது இல்லை, மேற்பரப்பும் சமமில்லை. ரேசர் மேட்டில் வெட்டும், பள்ளத்தில் தவறும். தழும்பின் மீது பெரும்பாலும் முடியும் வளர்வதில்லை. ஆகவே அங்கே வழிக்க ஒன்றுமில்லை. சுற்றியுள்ள முடியை ட்ரிம்மரால் வெட்டிவிட்டு, தழும்பைத் தொடாமல் விடுவதே செய்யவேண்டியது.

தழும்பு காயத்தின் எல்லையையும் தாண்டித் தடித்து, அரித்து, வளர்ந்துகொண்டே போனால் அது கீலொய்ட். கருந்தோல் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். நெஞ்சு, தோள், மேல்முதுகு ஆகியன அதற்குப் பிடித்த இடங்கள். நீச்சலுக்காக வழிக்கச் சொல்லும் இடங்களும் இவையேதான். கீலொய்ட் வந்த ஒருவருக்கு வெக்ஸ் புண்ணோ லேசர்ச் சூடோ சீழ்ப்பிடித்த ஒரு பருவோ புதிய கீலொய்டுக்குத் தொடக்கமாகலாம். அவர்கள் ட்ரிம்மரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தோலுக்கடியில் செல் துண்டு தட்டுப்படும் இடத்தில் வெக்ஸும் எபிலேற்றரும் வேண்டாம். பல வருடமாகப் பேசாமல் கிடந்த துண்டு திடீரென நோவெடுத்தாலோ, மேலே சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ முடியை மறந்துவிட்டு வைத்தியரிடம் போங்கள். நரம்பு அறுந்து உணர்வற்ற இடத்திலும் இதே எச்சரிக்கை. வெக்ஸ் சுடுகிறதா, பிளேட் வெட்டுகிறதா என்று அந்தக் கால் உங்களுக்குச் சொல்லாது. நீரிழிவால் கால் மரத்தவர்களுக்கும் இது பொருந்தும்.

தீக்காயத்துக்குத் தோல் ஒட்டியவர்கள் கிரீமைத் தொடவே கூடாது. மெல்லிய படலமாக எடுத்து ஒட்டிய தோலில் வியர்வைச் சுரப்பிகள் வேலை செய்வதில்லை. எனவே உடலின் பெரும்பகுதியில் அப்படி ஒட்டியிருப்பவர் நெடுந்தூரம் ஓடும்போது உடற்சூடு மற்றவர்களைவிட விரைவாக ஏறும். முடியைவிட முக்கியமான விடயம் என்பதால் இடையில் இதையும் சொல்கிறேன்.

கால் இழந்து செயற்கைக் காலுடன் ஓடுபவர்களும் சைக்கிள் மிதிப்பவர்களும் எஞ்சிய காலை ரேசரால் வழிக்கவே வேண்டாம். லைனருக்குள் வியர்வை தேங்கும், சொக்கெட் ஒவ்வொரு அடியிலும் தேய்க்கும். வழித்த முடி முளைக்கும்போது குத்தும், உள்ளே திரும்பி வளரும், பருவாகி உடையும். ஒரு பருவால் செயற்கைக் காலை நாட்கணக்கில் கழற்றிவைக்க நேர்ந்தால் போட்டி மட்டுமா போகும்? வேலைக்குப் போவதும் நின்றுவிடும். நீண்ட முடி லைனரில் சிக்கி இழுபட்டால், இரவில் செயற்கைக் காலைக் கழற்றிக் கழுவித் துடைத்த பின் ட்ரிம்மரால் வெட்டுங்கள். விடியும்வரை தோலுக்கு ஓய்வு கிடைக்கும். கிரீம் வேண்டாம். அதன் எச்சம் லைனருக்கடியில் நாள் முழுக்கச் சுடும். இந்த ஒரு நிலைமையில்தான் லேசரை நான் வீண்செலவு என்று சொல்லமாட்டேன். மீண்டும் மீண்டும் எஞ்சிய காலில் பரு வந்து உடையும் சிலருக்கு வெளிநாட்டு வைத்தியர்கள், குறிப்பாகப் போரில் கால் இழந்த படையினருக்குச் சிகிச்சை செய்பவர்கள், லேசரால் முடியை நிரந்தரமாகக் குறைத்துப் பலன் கண்டிருக்கிறார்கள். அதை அழகுநிலையத்தில் தொடங்காமல் தோல் வைத்திய நிபுணரிடம் தொடங்கவேண்டும். கண்டியில் இருப்பவர்களுக்குத் தேசிய வைத்தியசாலையும் பேராதனை போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. சொக்கெட் தேய்ப்பது பற்றித் திகன புனர்வாழ்வு வைத்தியசாலையிலும், ஊருக்குப் போகும்போது யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனத்திலும் கேட்கலாம். பல வேளைகளில் பிரச்சினை முடியில் இல்லை, மெலிந்த காலுக்குப் பெரிதாகிப்போன சொக்கெட்டில் இருக்கும்.

கிளினிக்கில் தழும்பைக் காட்டத் தயங்குபவர்கள் இருக்கிறார்கள், அதுவும் மொழி தெரியாத இடத்தில். வைத்தியருக்குத் தெரியவேண்டியது நான்கு விடயம்: எத்தனை வருடத் தழும்பு, உள்ளே உலோகம் இருக்கிறதா, எக்ஸ்ரே இருக்கிறதா, அந்த இடத்தில் உணர்வு இருக்கிறதா. எங்கே, எப்படிப் பட்டது என்ற கதையைச் சொல்ல விரும்பாவிட்டால் ‘செல் பட்டது’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். சிகிச்சைக்கு அதற்கு மேல் தேவையில்லை.

இன்னொரு காரணத்துக்காகவும் சிலர் வழிக்க விரும்புவதில்லை. முடி தழும்பை மறைக்கிறது. சோதனைச் சாவடியில் சட்டையைக் கழற்றச் சொல்லி உடம்பைப் பார்த்த காலத்தை எங்களில் பலர் மறக்கவில்லை. 2007இல் பிரித்தானியாவின் புகலிடத் தீர்ப்பாயம் ஒன்று, இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்படும் தமிழருக்கு ஆபத்தை ஏற்படுத்தக்கூடிய காரணிகளை வரிசைப்படுத்தியபோது, உடலில் தழும்பு இருப்பதையும் அதில் சேர்த்திருந்தது. அந்தத் தயக்கத்தை ‘வெட்கம்’ என்று பயிற்றுநர்கள் கேலி செய்வது அறியாமை. முழுக்கால் காற்சட்டையும் நீண்ட கை நீச்சலுடையும் பயிற்சியில் எவருக்கும் தடையல்ல.

பெண்களுக்கு

சைக்கிள் ஆசனத்தில் உட்காரும் பகுதியை வழிக்கவோ வெக்ஸ் போடவோ வேண்டாம். 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன் பிரித்தானிய சைக்கிள் அணியின் பெண்களை ஆசனப் புண் வாட்டியது. நிபுணர்களைக் கூட்டி ஆராய்ந்தபோது கிடைத்த அறிவுரைகளில் ஒன்று, அந்தப் பகுதி முடியை அகற்றுவதை நிறுத்துங்கள் என்பது. அங்குள்ள முடி தோலுக்கும் துணிக்கும் இடையில் உராய்வைத் தாங்குகிறது, வியர்வையைத் தோலிலிருந்து விலக்குகிறது. நிறுத்திய பின் புண்கள் வெகுவாகக் குறைந்தன. ஆண்களுக்கும் இதுவேதான். சுத்தம் என்ற பெயரில் பெண்களுக்கு விற்கப்படும் பொருட்கள் அதிகம் என்பதால் தலைப்பில் பெண்களைப் போட்டேன்.

வழித்த காலும் கண்டியின் தண்ணீரும்

கண்டி, மாத்தளை, கேகாலைப் பகுதிகள் எலிக்காய்ச்சலுக்குப் பேர்போனவை. 2008இல் நாடு முழுவதும் 7,000க்கு மேற்பட்டோர் இந்த நோய்ச் சந்தேகத்தில் பதிவானபோது அதிகம் பாதிக்கப்பட்டவற்றுள் இந்தப் பகுதிகளும் இருந்தன. வடக்குக்கும் இது புதிதல்ல. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த காய்ச்சல் எலிக்காய்ச்சல்தான் என்று உறுதியானது. எலியின், மாட்டின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் இருக்கும் இந்தக் கிருமி, கீறலுள்ள தோல் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உடலுக்குள் போகிறது. புதிதாக வழித்த கால் முழுக்கக் கீறல்தான்.

ஆகவே காலை வழித்த இரண்டு, மூன்று நாட்களுக்கு வயல் வரம்பில், மழைக்குப் பின் தேங்கிய நீரில், மகாவலிக் கரைச் சேற்றில் ஓடவேண்டாம். ஓட நேர்ந்தால் வீட்டுக்கு வந்தவுடன் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அப்படிப்பட்ட நிலத்தில் அடிக்கடி ஓடுபவர்கள், முன்கூட்டியே எடுக்கும் டொக்சிசைக்கிளின் மருந்து தங்களுக்குத் தேவையா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கலாம். தாமாக வாங்கி விழுங்கக்கூடாது. பெரும்பாலும் ஐந்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் நோய் வெளிப்படும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை கடுமையாக நொந்தால், கண் சிவந்தால், சிறுநீர் குறைந்தால், ஓடிய களைப்பு என்று பரசிற்றமோல் போட்டுப் படுக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய், எந்த நீரில் இறங்கினீர்கள் என்பதையும் காலை எப்போது வழித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.